பழைய பிளக் வயர்கள்

மழை விடக்கூடாது. இன்றைக்கு மட்டுமாவது விடக்கூடாது. காரைத் திருத்த வருவதாகச் சொன்ன வரதராஜா, வேலை முடிந்த அலுப்பில், இந்த ஈரத்துக்குள் போய் யார் பொனட்டைத் திறக்கிறது என்று நினைத்து, நேரே தன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அல்லது அவருக்குத் தடிமன் பிடிக்க வேண்டும். பெரிய வருத்தம் எதுவும் வேண்டாம். சும்மா மூக்கொழுகிற ஒரு தடிமன்.

குசினி யன்னலருகே நின்று யோகா இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். நல்ல மனுசன் ஒருவருக்குத் தடிமன் வரட்டும் என்று வேண்டிக்கொள்கிறவளாகத் தான் எப்போது ஆனாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. வெளியே தூறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வரிசை வீடுகளின் கூரைகளுக்கு அப்பால் மேற்கு வெளுக்கத் தொடங்கிவிட்டது. கிரெய்கிபர்னில் மேற்கு வெளுத்தால் கொஞ்ச நேரத்தில் வெயில் எறிக்கும். இத்தனை வருடத்தில் அவள் படித்துக்கொண்ட வானிலை அவ்வளவுதான்.

பின்னால் சாப்பாட்டு மேசையில் சிறிதரன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். உள்ளே ஆறு கறுப்பு வயர்கள் சுருட்டியபடி கிடந்தன. மகள் வினுஷா சிட்னியிலிருந்து அனுப்பியது. கார் மழை நேரம் குலுங்கி மிஸ் அடிக்கிறது, பிளக் வயர் பழசாகிவிட்டது போல என்று அவர் போனில் சொல்லியிருந்தார். அவள் அங்கே இருந்தபடியே கம்ப்யூட்டரில் தேடி, காரின் மொடல், வருடம் எல்லாம் சரிபார்த்து, அப்பாவின் பிறந்தநாளுக்கு என்று அனுப்பிவிட்டாள். "அம்மா, இட்ஸ் சச் அன் ஈஸி ஃபிக்ஸ்" என்றாள். வீடியோ பார்த்தாளாம். சின்னப் பிள்ளைகூடச் செய்யுமாம்.

"யோகா, இஞ்ச ஒருக்கா வாரும்."

அவள் போய் எதிர்க் கதிரையில் இருந்தாள்.

"நீர் என்ன நினைக்கிறீர்? மாத்துறதோ, விடுறதோ?"

இந்தக் கேள்வியை அவர் நேற்றும் கேட்டார். அதற்கு முதல் நாளும் கேட்டார். ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இப்போதுதான் மனதில் பட்டது போலக் கேட்பார். அவளும் இப்போதுதான் கேட்கிறவள் போல முகத்தை வைத்துக்கொள்ளப் பழகியிருந்தாள்.

"உங்களுக்கு என்ன தோணுது?"

"அதில இருக்கிறது ஃபாக்டறி வயர். எங்கட லைனில, என்ர கண்ணுக்கு முன்னால போட்டது. இருபது வருசத்துக்கு மேல நிண்டிட்டுது. உது எந்த நாட்டில செய்ததோ ஆருக்குத் தெரியும்? மேல ரப்பர் பளபளக்குது, உள்ளுக்கு என்ன இருக்கோ." அவர் ஒரு வயரை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினார். "ஆனா ரப்பர் எண்டா ரப்பர்தான். சூட்டில இறுகும். வெடிக்கும். ஈரம் பட்டா கரண்ட் வெளியில பாயும். அதையும் யோசிக்க வேணும்."

"ஓம், யோசிக்கத்தான் வேணும்."

"அவசரப்படக் கூடாது."

"ஓம். அவசரம் ஒண்டும் இல்லை."

அவள் அதை மிகுந்த கவனத்தோடு சொன்னாள். அவர் இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று எவ்வளவு நாளைக்கு யோசித்துக்கொண்டிருப்பாரோ அவ்வளவு நாளைக்கு வாசல் கதவருகே ஆணியில் தொங்கும் கார்த் திறப்பு அங்கேயே தொங்கும்.

சிறிதரன் அந்தக் காரைக் கட்டிய தொழிற்சாலையில் வேலை செய்தவர். இந்த நாட்டுக்கு அகதியாக வந்து கிடைத்த முதல் நிரந்தர வேலை அதுதான். தொழிற்சாலையை மூடும்வரை அங்கேயே இருந்தார். கடைசிப் பத்து வருடமும் லைன் முடிகிற இடத்தில் நின்று, முடிந்து வரும் காரைப் பரிசோதிக்கிற வேலை. பிழை கண்டால் மறித்துத் திருப்பி அனுப்புவார். சின்னக் கீறல் என்றாலும் விடமாட்டார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்திருந்தது. டயரில் காற்றுக் குறைந்தால்கூடக் கோயில் பயணத்தை நிறுத்தி, உடுத்த பட்டுச் சேலையோடு அவளைக் கராஜில் காக்க வைத்திருக்கிறார்.

அந்த மனுசன்தான் ஓகஸ்டில் ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் மஞ்சள் கோட்டுப் போட்ட ஆள் ஸ்டொப் பலகையைப் பிடித்துக்கொண்டு நடு றோட்டில் நிற்கும்போது, நிற்காமல் போனார். பிள்ளைகள் கடக்கத் தொடங்கியிருந்தார்கள். யோகா கத்தினாள். பலகை பிடித்திருந்தவர் பாய்ந்து வந்து பொனட்டில் ஓங்கி அடித்தார். கார் நின்றது. ஒரு சிறுமியின் நீலத் தொப்பி றோட்டில் கிடந்தது. சிறுமிக்கு ஒன்றும் இல்லை, ஓடித் தப்பிவிட்டாள். சிறிதரன் யோகாவைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "ஏன் இந்தாள் எங்கட காருக்கு அடிக்கிறான்?"

அவர் நடிக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. அந்த முகத்தை அவளால் மறக்க முடியவில்லை. தொப்பியையும்.

டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். ஞாபகப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரியில் பெப்ரவரியில்தான் இடம் கிடைத்தது. அதுவரைக்கும் கார் ஓட்ட வேண்டாம் என்று டொக்டர் மெதுவாக, இரண்டு தடவை சொன்னார். சிறிதரன் தலையாட்டினார். வெளியே வந்ததும் நேரே போய் ஓட்டுநர் ஆசனத்தில் ஏறி இருந்தார். "அந்த டொக்டர் சின்னப் பெடிச்சி. அவ பிறக்க முன்னமே நான் கார் ஓடினவன்." வீட்டுக்கு வந்து சேரும்வரை யோகா கதவின் கைப்பிடியை விடவில்லை. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பழகத் தொடங்கி, பயந்து, விட்டது விட்டதுதான்.

அன்றிரவு சாமிப் படத்துக்கு முன்னால் அவளுடைய கையைப் பிடித்து அவர் சத்தியம் வாங்கினார். ஒருவருக்கும் சொல்லக் கூடாது. பிள்ளைக்கும் சொல்லக் கூடாது. "சனம் கதைக்கிறதை என்னால தாங்க ஏலாது, யோகா." முப்பத்தைந்து வருடத்தில் அவர் அவளிடம் கெஞ்சிக் கேட்டது அது ஒன்றைத்தான்.

சொல்லாமல் இருக்கலாம். அவர் கார் ஓடுவதை எப்படித் தடுப்பது? ஒருநாள் திறப்பை அரிசி வாளிக்குள் புதைத்தாள். அவர் வீடு முழுக்கத் தேடினார். கட்டிலுக்குக் கீழே, குப்பை வாளிக்குள், குளிர்சாதனப் பெட்டிக்குள். கடைசியில் அரிசிக்குள் கையை விட்டு எடுத்தார். எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குசினி நிலத்தில் இருந்துகொண்டு அழுதார். "நான் ஏன் இதை இதுக்குள்ள வச்சனான்? எனக்கு மண்டை பிழைச்சிட்டுதோ?" ஒளித்து வைத்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்பதற்கு அந்த நீலத் தொப்பியில் தொடங்க வேண்டும். அவள் பக்கத்தில் இருந்து அவருடைய முழங்கையில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டாள். அதற்குப் பிறகு திறப்பை அவள் தொடவில்லை.

அப்போதுதான் கார் மிஸ் அடிக்கத் தொடங்கியது. நவராத்திரி முடிந்து ஒரு கிழமை இருக்கும். மழைக்குள் கடைக்குப் போகப் புறப்பட்டவர், தெரு முடிவதற்குள் கார் குலுங்கிக் குலுங்கி இழுப்பதைக் கண்டு திருப்பிக்கொண்டு வந்தார். திறப்பை ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னார்: "பிழை இருக்கிற வாகனத்தை நான் றோட்டில ஏத்தமாட்டன். திருத்திப்போட்டுத்தான் எடுப்பன்."

யோகா அன்று சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். நன்றி சொல்வதா, என்ன சொல்வதென்று தெரியவில்லை. டொக்டர் சொல்லி நடக்காதது, அவள் அழுது நடக்காதது, ஒரு பழைய வயரால் நடந்துவிட்டது. அவருக்கு அவமானமும் இல்லை. கார் சரியில்லை, அதனால் ஓடவில்லை. யார் கேட்டாலும் சொல்லலாம். அவளும் வேலைக்கு பஸ்ஸில் போய்வந்தாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் மற்றவர்களும் பஸ்ஸில்தான் வருகிறார்கள்.

வாசல் மணி அடித்தது. மழை விட்டிருந்தது.

வரதராஜா சப்பாத்தைக் கழற்றும்போதே கதைக்கத் தொடங்கிவிட்டார். முன்பு டக்ஸி ஓட்டியவர், இப்போது பஸ் ஓட்டுகிறார். ஊரில் உள்ள கார்களின் வருத்தமெல்லாம் தனக்குத்தான் தெரியும் என்று நம்புகிறவர்.

"எங்க, சிறி அண்ணை, நோயாளி? ஐசியூவிலயோ வாட்டிலயோ?"

யோகா சட்டென்று சிறிதரனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கராஜைத்தான் காட்டினார் என்று பிறகுதான் விளங்கியது.

"தேத்தண்ணி குடிச்சிட்டுச் செய்யலாமே, வரதராஜா. இண்டைக்குத்தான் செய்ய வேணுமெண்டில்லை."

"தேத்தண்ணி எங்க போகப்போகுது அக்கா? அரை மணித்தியால வேலை. முடிச்சிட்டு அண்ணையே என்னை வீட்டில கொண்டுபோய் விடுவார். நான் வேணுமெண்டுதான் என்ர காரைக் கொண்டுவரேல்ல. டெஸ்ட் டிரைவ்!"

"விடுறன், விடுறன்," என்று சிறிதரன் சிரித்தார். பல நாட்களுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரிக்கிறார். வரதராஜாவின் வீட்டுக்குப் போகும் வழியில்தான் அந்தப் பள்ளிக்கூடம். யோகா சுவரில் மணியைப் பார்த்தாள். பிள்ளைகளை விடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

இப்போதே சொல்லிவிடலாம். வரதராஜா, இவர் கார் ஓடக்கூடாது, டொக்டர் மறித்திருக்கிறார். ஒரு வசனம்தான். அவள் மனதுக்குள் அதைச் சரியாக அடுக்கி வைத்திருந்தாள். ஆனால் சிறிதரன் சேர்ட்டுக் கையை மடித்துக்கொண்டு முன்னால் போனார். பழைய லைனில் நின்ற காலத்து நடை. அந்த முதுகுக்குப் பின்னால் நின்று அந்த வசனத்தைச் சொல்ல அவளால் முடியவில்லை. அவளும் பின்னால் போனாள்.

கராஜின் கதவு முழுக்கத் திறந்திருந்தது. சிறிதரன் பொனட்டைத் தூக்கி நிறுத்தினார். வரதராஜா டோர்ச்சை அடித்துக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். பிறகு அவருடைய முதுகு குலுங்கியது.

"ஐயோ அண்ணை! இதென்ன, எஞ்சினோ மூலஸ்தானமோ?"

யோகா எட்டிப் பார்த்தாள். எஞ்சினில் பிளக் வயர்கள் வந்து செருகியிருக்கும் ஆறு இடங்களிலும் சந்தனம் அப்பியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் குங்குமம்.

சந்தனம் வைப்பது வழக்கம்தான். புதுக்கார் எடுத்த அன்று கேரம் டவுன்ஸ் கோயிலுக்குக் கொண்டுபோனபோது ஐயர் பொனட்டைத் திறக்கச் சொல்லி எஞ்சினிலும் ஒரு பொட்டு வைத்தார். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் ஆயுத பூசைக்கு சிறிதரன் தானே அதைச் செய்வார். ஸ்டியரிங்கில் ஒன்று, சில்லுகளில் ஒவ்வொன்று, எஞ்சினில் ஒன்று. சாமியை அவ்வளவாகப் பொருட்படுத்தாதவர். காருக்கு என்றால் மட்டும் குளித்துவிட்டு வந்து செய்வார். யோகா அதைச் சொல்லிப் பகிடி பண்ணியிருக்கிறாள்.

"நான் ஓடின டக்ஸிக்கு இவ்வளவு சந்தனம் வச்சிருந்தா, ஏறுறவன் அர்ச்சனைத் தட்டோட ஏறியிருப்பான்," என்றார் வரதராஜா. "அக்கா, ஒரு போத்திலில தண்ணி தாங்கோ. தெளிக்கிற போத்தில்."

உடுப்புக்கு அயன் பிடித்து மினுக்கும்போது தெளிக்கிற போத்திலை அவள் எடுத்து வந்தாள். சிறிதரன் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார். வரதராஜா கராஜ் கதவைப் பாதி இறக்கி இருட்டாக்கிவிட்டு, சந்தனத்தின் மேல் இரண்டு தரம் தெளித்தார். எஞ்சின் இருமியது. மஞ்சள் அப்பலின் மேல் மெல்லிய நீலக் கோடு ஒன்று ஓடி மறைந்தது. மறுபடி ஓடியது. பக்கத்து வயரிலும் ஓடியது. பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

"கண்டீங்களோ? இதுதான் வருத்தம். பிளக்குக்குப் போற கரண்ட் ஈரச் சந்தனத்தில ஏறி வெளியில ஓடுது. மழைக்கு இது காயுறதே இல்லை. நிப்பாட்டுங்கோ அண்ணை."

எஞ்சின் நின்றது. கதவை உயர்த்தினார்கள். வெயில் உள்ளே விழுந்தது.

"வருசத்துக்கு ஒருக்காத்தான் வைக்கிறனான்," என்றார் சிறிதரன்.

"ஒருக்கா வச்சதோ இது? பாருங்கோ, பொருக்குப் பொருக்கா நிக்குது. பிள்ளையாருக்கே இப்பிடிச் சந்தனக் காப்பு இல்லை."

யோகாவும் பார்த்தாள். அடியில் இருந்தது காய்ந்து வெடித்திருந்தது. அதற்கு மேல் ஒரு படை. அதற்கும் மேல் இன்னொன்று. மேலே இருந்தது இன்னும் ஈரம் காயாத புதுச் சந்தனம். தண்ணீர் தெளித்த ஈரம் வேறு, இது வேறு. இன்று காலை வைத்தது.

சாமி அறையில் சந்தனத்தூள் ஏன் இப்படி முடிகிறது என்று அவள் இரண்டு தரம் யோசித்திருந்தாள். கடையில் புதுப் பெட்டி வாங்கும்போதுகூட யோசித்தாள். நெற்றிக்கு வைக்கிறாராக்கும், வயது போகப் போகப் பக்தி வருகிறதாக்கும் என்று நினைத்துச் சந்தோசப்பட்டாள். அவர் காலையில் குளித்துவிட்டுக் கராஜுக்குப் போவதும், கொஞ்ச நேரத்தில் நிம்மதியான முகத்தோடு வருவதும் அவளுக்குத் தெரியும். கார் அவருடையது, போய்ப் பார்க்கிறார் என்று விட்டிருந்தாள். அவருக்கு ஒவ்வொரு காலையும் பூசை நாளாக விடிந்திருக்கிறது. ஒவ்வொரு காலையும், ஐயோ, காருக்கு இன்னும் சந்தனம் வைக்கவில்லையே என்று ஞாபகம் வந்திருக்கிறது.

காரைப் பழுதாக்கியதும் அந்த மறதிதான். அவரை இவ்வளவு நாளும் றோட்டில் ஏறாமல் மறித்து வைத்திருந்ததும் அதுதான். இதை அவள் யாரிடம் சொல்லுவாள்?

சிறிதரன் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது கையைத் திருப்பி மோதிர விரலைப் பார்த்தார். நகத்தின் ஓரத்தில் மஞ்சள் இருந்தது. அவர் அந்தக் கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வரதராஜா எதையும் கவனிக்கவில்லை. அவர் பெட்டியைப் பிரித்துப் புது வயர்களை நீளம் பார்த்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். "உண்மையைச் சொன்னா அண்ணை, பழைய வயரிலயே பிழை இல்லாமலும் இருக்கலாம். ஃபாக்டறி சாமான் லேசில சாகாது. இந்தச் சந்தனத்தை வழிச்சுத் துடைச்சாலே ஓடும் எண்டுதான் நினைக்கிறன். எண்டாலும் பிள்ளை அனுப்பியிருக்கு. போட்டுவிடுவமோ, இல்லைத் துடைச்சுவிடுவமோ? என்ன செய்தாலும் இண்டைக்கு ஓடும்."

என்ன செய்தாலும் இன்றைக்கு ஓடும்.

சிறிதரனிடம் வழமையாக இந்த இடத்தில் இரண்டு பக்கத்துக்கும் வாதம் இருக்கும். வயரை விரலில் உருட்டுவார். இப்போது அவர் யோகாவைப் பார்த்தார்.

"அவவைக் கேள். அவ சொன்னாச் சரி."

"சொல்லுங்கோ அக்கா. புதுசோ, பழசோ?"

"இப்ப ரெண்டும் வேண்டாம்," என்றாள் யோகா.

வரதராஜா சிரித்தார். "உப்பிடி ஒரு ஒப்ஷன் நான் தரேல்லையே."

"பூசைக்கு வச்சது. கண்டபடி கழட்டித் துடைக்கப்படாது." அவளுடைய குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. இப்படி ஒரு விதி இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது. எந்த ஐயரும் சொன்னதில்லை. "தைப்பூசத்துக்கு கோயிலுக்குப் போய்க் கேட்டுட்டுச் செய்வம்."

"அக்கா, கார் ஓட்டுற எங்களுக்கெல்லாம் உப்பிடிப் பாத்தா விடியாது. சாமி கோவிச்சா என்னோட கோவிக்கட்டும்." அவர் கராஜ் மூலையில் தண்ணீரோடு இருந்த வாளியின் விளிம்பில் கிடந்த பழைய துணியை எடுத்து, தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார். "உங்கட வீட்டில வச்ச பொட்டுத்தானே? பூசை செய்த வீட்டுப் பொம்பிளை கையால எடுத்தாப் பிழையில்லை. இந்தாங்கோ, நீங்களே துடையுங்கோ."

அவள் வாங்கவில்லை. வரதராஜாவின் கையிலிருந்து அந்தத் துணியை சிறிதரன் வாங்கினார். மற்றக் கை பைக்குள்ளேயே இருந்தது. அவர் அவளுக்கு மிக அருகில் வந்தார். வரதராஜா வயர்களின் பக்கம் திரும்பியிருந்த நேரம்.

"துடைச்சுவிடும், யோகா," என்றார் மெதுவாக. "ஆரும் பாத்தா என்ன நினைப்பினம்? துடைச்சுவிடும்."

அவர் கண்ணில் அவளுக்கு எல்லாம் தெரிந்தது. காரை ஓட வைக்க அவர் கேட்கவில்லை. அந்தப் படைகளை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கிறார். அரிசிக்குள் கையை விட்ட அன்று இருந்த அதே முகம். துணியை வாங்கி ஒரு நிமிடத்தில் துடைத்துவிடலாம். அவருக்கு ஆறுதலாக இருக்கும். வேறு எந்த நாளாக இருந்தாலும், வேறு எதுவாக இருந்தாலும் அவள் துடைத்திருப்பாள். அவர் சிந்தியதை, மறந்ததை, திறந்து விட்டதை எல்லாம் அவர் காணாமல் துடைத்துத்தானே இவ்வளவு நாளும் நடத்தினாள்.

தெருமுனையில் எங்கோ பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. நாளைக்கும் அவர் மாத்துறதோ, விடுறதோ என்று கேட்பார். நாளைக்கு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியாது.

துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. யோகா இரண்டு கைகளையும் கார்டிகன் பைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டுமப்பா," என்றாள்.